ரூட்டருக்கு ஒரு கல்வெட்டு

மின்வழித் தொடர்பு வாரியத்தின் கடலூர் வட்டத்தில் ஒரு ரூட்டரைத் திறந்துவைப்பது, ஆற்றுப் பாலத்தைத் திறந்துவைப்பதைவிடப் பெரிய காரியம். பாலத்தை ஒரு தடவை திறந்தால் போதும். ரூட்டர் பழுதாகிப் புதிது வரும்போதெல்லாம் மறுபடி திறக்க வேண்டும். குத்துவிளக்கு, நாதஸ்வரம், இரும்பு அலமாரியின் குறுக்கே ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல், வந்தவர்களுக்கெல்லாம் துண்டு, கடைசியில் ஒரு லட்டும் கொஞ்சம் மிக்சரும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த ரூட்டருக்குக் கம்பி கொடுக்க மாட்டார்கள்.

ரூட்டர் என்பது ஒரு தட்டையான இரும்புப் பெட்டி. ஓர் அலுவலகத்திலிருந்து கிளம்பும் தகவல் எந்தக் கம்பி வழியாகப் போனால் எந்த ஊருக்குப் போய்ச் சேரும் என்று அது நினைவில் வைத்திருக்கும். புவனகிரிக்குப் போக வேண்டியதை அண்ணாகிராமத்துக்கு அனுப்பாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. மாவட்டத்தில் எந்த அரசு அலுவலகம் கணினியில் எதைப் பார்த்தாலும் அது வாரியத்தின் ரூட்டர்கள் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

வாரியத்துக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை இருந்தது. கட்டடம் திறந்தால் கல்வெட்டு வைக்கலாம். தண்ணீர்த் தொட்டி திறந்தால்கூட வைக்கலாம். ரூட்டருக்கு எங்கே வைப்பது? மேல்பட்டாம்பாக்கம் கிளையில் ஒருமுறை அலமாரிக்குள்ளேயே கருங்கல் பலகையைப் பதித்துப் பார்த்தார்கள். கல்லின் கனத்தில் அலமாரி சுவிட்ச் போர்டையும் பிடுங்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தது. விழாவுக்கு வந்திருந்த ஒன்றியக் கவுன்சிலருக்கு முட்டியில் அடி. அவர் பெயர் கல்வெட்டில் நான்காவதாக இருந்ததால் அவர் புகார் ஏதும் கொடுக்கவில்லை.

அதன் பிறகுதான் வட்டச் செயலர் சுப்பராயலுவுக்கு அந்த யோசனை வந்தது. ஒவ்வொரு ரூட்டருக்குள்ளும் அதன் பெயரை எழுதிவைக்க ஓர் இடம் உண்டு. இது சிதம்பரத்துப் பெட்டி, இது புவனகிரிப் பெட்டி என்று மற்றப் பெட்டிகள் அடையாளம் தெரிந்துகொள்வதற்கான இடம். அங்கே கல்வெட்டு வாசகத்தையே ஏற்றிவிட்டால் என்ன என்று அவர் கேட்டார். கல்லை வழியில் போகிற நாலு பேர் பார்ப்பார்கள். ரூட்டர்களோ ஓயாமல் ஒன்றுக்கொன்று தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பவை. மாவட்டம் முழுக்க இராப்பகலாக அதிகாரிகளின் பெயர் கம்பிக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கேட்ட வட்ட இயக்குநர் முனைவர் ராஜமாணிக்கம் எழுந்து நின்று செயலரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே சிதம்பரம் கிளை ரூட்டரின் பெயர், சிதம்பரம் என்பதோடு நிற்காமல், 'வட்ட இயக்குநர் முனைவர் ராஜமாணிக்கம் எம்.ஏ., எம்.ஃபில்., பி.எல்., அவர்கள் தம் பொற்கரங்களால், வட்டச் செயலர் உயர்திரு சுப்பராயலு பி.காம்., அவர்கள் முன்னிலையில்' என்று தொடங்கி, பந்தல் உபயம் செய்தவர் வரைக்கும் போனது. இதை ஆங்கில எழுத்தில் அடித்து ஏற்றியவன் பூவராகன்.

பூவராகன் சிதம்பரம் கிளையின் இயக்குபவன். ரூட்டரைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்: நின்றுபோனால் அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். தட்டச்சு மட்டும் வேகமாக வரும். அதனால் மாவட்டத்தில் எங்கே ரூட்டர் திறந்தாலும் பெயர் அடிக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு எழுத்தும் விட்டுப்போகாமல் அடிப்பான் என்று பெயர் வாங்கியிருந்தான்.

அவனுக்கு ஒரே ஒரு கவலை. அவன் மனைவி குணசுந்தரி தருமபுரிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணத்தன்று தாலி கட்டியதும், மறுவாரம் அவளைப் பஸ் ஏற்றிவிட்டதும்தான் அவன் இல்லறத்தின் முக்கிய நிகழ்ச்சிகள். மாதம் ஒருமுறை வருவாள். துணி துவைத்துக் காயப்போடுவதற்குள் திரும்பிவிடுவாள். தானே ரசம் வைத்துத் தானே குடித்துத் தானே கழுவிக் கவிழ்ப்பது அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. அவள் பக்கத்தில் இல்லாதது அவனுக்குத் தாங்க முடியாத வருத்தம். இதை அவளிடம் சொல்லக் கூச்சம், அதனால் போனில் ரசத்தைப் பற்றியே பேசுவான்.

அந்த ஆண்டு கோடையில் அவள் ஒரு செய்தி சொன்னாள்.

"மாமா, புவனகிரியில கணக்குக்கு ஒரு எடம் காலின்னு சொல்றாங்க. இந்தத் தடவ கலந்தாய்வு கம்ப்யூட்டர்லதான். நான் தருமபுரியிலயே உக்காந்து பாக்கலாம். என் முறை வரும்போது புவனகிரி ஸ்கிரீன்ல தெரிஞ்சா தொட்டுட வேண்டியதுதான்."

தெரியவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டான். வேறு ஊரை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும் என்றாள். ஒவ்வொரு மாவட்டத்தின் காலியிடமும் அந்தந்த மாவட்டத்துக் கணினியிலிருந்துதான் திரைக்கு வருமாம். கரண்ட் போனால்கூடப் பயமில்லை, ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள் என்று அவளே தைரியம் சொன்னாள்.

பூவராகனுக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நாளாகச் சிதம்பரம் ரூட்டர் மத்தியான வேளையில் மயங்கி விழுந்துகொண்டிருந்தது. விளக்கெல்லாம் எரியும், எந்த ஊருக்கு எந்த வழி என்பது மட்டும் மறந்துபோகும். பிறகு தானாகவே தெளியும். வெயிலால் இருக்கும் என்று அதற்கு ஒரு மேசை விசிறி வாங்கி வைத்திருந்தார்கள். அந்த விசிறிக்கும் திறப்பு விழா நடந்தது.

அப்படி ரூட்டர் மயங்கிக் கிடந்த ஒரு மத்தியானம், வேறு வேலை இல்லாததால் பூவராகன் பழைய மின்னஞ்சல்களைப் படித்தான். அதில் ஒன்று ரூட்டர் மென்பொருளை எழுதியவர்கள் அனுப்பியது. யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நிச்சயத்தோடு அனுப்பப்படும் ரகம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தபோது பாதி புரிந்தது. 

விஷயம் இதுதான். பக்கத்து ரூட்டர் சொல்லும் பெயரைக் குறித்துக்கொள்ள ஒவ்வொரு ரூட்டரும் தன் நினைவில் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறது. ஓர் ஊர்ப் பெயருக்குத் தாராளமாகப் போதுமான இடம். ஆனால் வருகிற பெயர் அதற்குள் அடங்குமா என்று அது பார்ப்பதில்லை. பெயர் நீளமாக இருந்தால், சுவர் விளம்பரம் எழுதுகிறவர் இடம் போதாமல் அடுத்த வீட்டுச் சுவரிலும் எழுதிக்கொண்டே போவதுபோல், நினைவின் பக்கத்து இடத்திலும் எழுதிவிடும். அங்கே இருப்பது ஊர்களுக்கான வழி. அது அழிந்தால் ரூட்டர் மயங்கும். அதுவும் பரவாயில்லை. விஷயம் தெரிந்த வெளியாள் ஒருவன் வேண்டுமென்றே நீளப் பெயரை அனுப்பி, அந்த இடத்தில் தன் கட்டளையை எழுதி, ரூட்டருக்குள் புகுந்துவிடலாம். இந்த ஓட்டையை அடைக்கத் திருத்திய மென்பொருள் இலவசம். அதை ஏற்றும்வரை பெயர்களைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் முடிந்தது.

கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு பூவராகன் அடுத்த பஸ்ஸில் கடலூருக்குப் போனான். மஞ்சக்குப்பத்தில் இருந்த வட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளர் ஜோதிலட்சுமி அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இது எந்த ஃபைலில் போகும் என்று கேட்டார். இங்கே இருப்பது இரண்டே வகை ஃபைல். ஒன்று கொள்முதல், இன்னொன்று திறப்பு விழா. நீ சொல்கிற மென்பொருள் இலவசம் என்கிறாய், ஆகவே கொள்முதலில் வராது. அப்படியானால் இது திறப்பு விழா என்று சொல்லி, விழா ஃபைலில் வைத்து, சிறப்பு விருந்தினர் யார் என்ற கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு உள்ளே அனுப்பினார்.

விழா ஃபைல் என்பதால் மூன்றே நாளில் கூட்டம் கூடியது. தட்டில் பண்ருட்டி முந்திரி இருந்தது. பூவராகனைக் கதவோரம் நிற்கச் சொல்லி விஷயத்தை விளக்கச் சொன்னார்கள். பெயர்கள் நீளமாக இருப்பதால் ரூட்டருக்கு நினைவு தப்புகிறது என்று அவன் சொன்னதும் அறையில் முந்திரி மெல்லும் சத்தம் நின்றது. இயக்குநர் ராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு மனுசன் முப்பது வருசம் கஷ்டப்பட்டுப் பேருக்குப் பின்னாடி எழுத்து சேக்கறான். ஒரு பொட்டி வந்து, இந்த எடத்துக்குள்ள அடங்குன்னா என்னா அர்த்தம்? நம்ம தகுதி ஜாஸ்திங்கறதுதான் அர்த்தம். கொறை பொட்டியோடது. அதுக்கு நாம ஏன் சின்னதாவணும்?"

எல்லாரும் ஆமோதித்தார்கள். ஆனாலும் மாவட்டத்தின் நன்மையை முன்னிட்டு எழுத்தைக் குறைக்கலாம் என்று பெரிய மனதோடு முடிவு செய்து, யாருடையதைக் குறைப்பது என்ற விவாதத்துக்குள் போனார்கள். இயக்குநர், செயலரின் 'உயர்திரு'வை எடுக்கலாம் என்றார். செயலர், இயக்குநரின் 'பொற்கரங்களால்' என்பதில் பொன்னை மட்டும் எடுக்கலாம், கரம் இருக்கட்டும் என்றார். பந்தல் உபயதாரரை எடுத்தால் அடுத்த பந்தலுக்கு ஆள் கிடைக்காது என்றது நிதிப் பிரிவு. மத்தியானம்வரை ஒரு எழுத்தும் குறையவில்லை. சாப்பாடு வருகிற நேரத்தில் சுப்பராயலுவுக்கு மறுபடி ஒரு யோசனை வந்தது.

"ஊர் பேர எடுத்துடலாம் சார். ஊர் எங்கயும் போயிடாது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அன்று சாயங்காலமே பூவராகன் எல்லா ரூட்டர்களிலும் ஊர்ப் பெயரை அழித்தான். இப்போது சிதம்பரமும் புவனகிரியும் அண்ணாகிராமமும் தங்களை ஒன்றுக்கொன்று ராஜமாணிக்கம் என்றே அறிமுகம் செய்துகொண்டன. மயக்கம் மத்தியானத்தோடு நிற்காமல் காலையிலும் வர ஆரம்பித்தது.

வாரியம் சும்மா இருக்கவில்லை. கடமை நேரத்தில் அடிக்கடி மயங்கி விழுவதற்கு விளக்கம் கேட்டு சிதம்பரம் ரூட்டருக்கு ஒரு மெமோ வந்தது. அலமாரியில் ஒட்டி, பெற்றுக்கொண்டதற்கு ரூட்டர் சார்பில் பூவராகன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பதிலையும் அவனே எழுதினான். 'ஐயா, தங்கள் பெயர்களின் நீளம் தாங்காமல் எனக்கு நினைவு தவறுகிறது. தயவுசெய்து குறைக்கவும். இப்படிக்கு, ரூட்டர், சிதம்பரம்.' உரிய வழியில் அனுப்பப்படவில்லை என்று அது திரும்பி வந்தது. கிளை மேலாளரின் பரிந்துரையோடு மறுபடி அனுப்பினான். ரூட்டரின் விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்றும், இனிமேல் இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளும்படி அது எச்சரிக்கப்படுகிறது என்றும் உத்தரவு வந்தது.

கலந்தாய்வுக்கு ஒரு வாரம் இருந்தது. தினமும் ராத்திரி குணசுந்தரி போனில் கேட்பாள், சரியாகிவிட்டதா என்று. ரூட்டரை எச்சரித்திருக்கிறார்கள் என்று அவன் சொல்வான். அவள் சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு, இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிச் சொல்வாள்.

அப்புறம்தான் ஃபாக்ஸ் வந்தான். பூவராகன் ஒருநாள் புவனகிரி ரூட்டரின் பெயரைப் பார்த்தபோது, பந்தல் உபயதாரருக்கும் பின்னால் ஆங்கிலத்தில் ஒரு வரி கூடியிருந்தது: 'மிஸ்டர் ஃபாக்ஸ் இங்கே வந்துபோனார்.' அதை அவன் அடிக்கவில்லை. கடிதத்தில் எச்சரித்த அதே ஓட்டை வழியாக யாரோ உள்ளே நுழைந்து, தன் பெயரையும் எழுதிவிட்டுப் போயிருந்தான். உலகத்தின் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறானோ, அவனுக்குக் கடலூர் மாவட்டம் இப்போது திறந்த வீடு.  பூவராகன் உடனே பஸ் பிடித்துக் கடலூருக்குச் செயலரிடம் ஓடி, திரையில் அந்த வரியைக் காட்டினான். இதையாவது நம்புவார்கள் என்று அவனுக்கு ஓர் அற்ப ஆசை.

சுப்பராயலு திரையை நெருங்கிப் படித்தார். அவர் முகத்தில் நிஜமாகவே கலக்கம் தெரிந்தது.

"வந்துட்டுப் போயிருக்காரு. ஒரு டீ குடுக்கக்கூட ஆள் இல்லாம போச்சே," என்றார்.

இது திருடன் சார் என்று பூவராகன் சொல்லிப் பார்த்தான். திருடன் பெயரெழுதிவிட்டுப் போவானா என்று அவர் கேட்டார். ரூட்டருக்குள்ளேயே போய்ப் பார்த்துவிட்டு வருகிற அளவுக்கு அதிகாரம் உள்ளவர், வெள்ளைக்காரர் வேறு, நிச்சயம் வெளிநாட்டு நிதி கொடுக்கும் இடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவராகத்தான் இருக்கும். எந்தத் துறை என்று போடாததும் அதற்கு அத்தாட்சி. உண்மையான பெரிய மனிதர்கள் துறையைச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. அடுத்த விழாவுக்கு அவரையும் அழைக்க வேண்டும் என்று செயலர் குறித்துக்கொண்டார். முகவரி தெரியாததால், எல்லா ரூட்டர்களிலும் பெயருக்குப் பின்னால் அழைப்பிதழ் வாசகத்தைச் சேர்க்கச் சொன்னார். வந்து பார்க்கும்போது பார்த்துக்கொள்வார். பூவராகன் அதையும் அடித்தான்.

அந்த அடுத்த விழா, கலந்தாய்வு நாளன்றே வைக்கப்பட்டது. ஜோதிலட்சுமி ஃபைலில் வைத்து உள்ளே அனுப்பிய, ஓட்டையை அடைக்கும் மென்பொருளின் திறப்பு விழா. கலந்தாய்வைப் பார்க்க வரும் பத்திரிகைக்காரர்கள் அப்படியே இங்கும் வந்துவிடுவார்கள் என்பது ஏற்பாடு. வட்ட அலுவலகக் கூடத்தில் மேடை. பெரிய ரூட்டரின் அலமாரி கூடத்தின் பின்பக்கச் சுவரோரம். திருத்திய மென்பொருள் இருந்த சிடியை வெற்றிலை பாக்கோடு ஒரு வெள்ளித் தட்டில் வைத்திருந்தார்கள். மேடையில் இயக்குநருக்கும் செயலருக்கும் நடுவில், துண்டு போர்த்தி, சந்தனக் கிண்ணத்தோடு ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது ஃபாக்ஸுக்கு.

பெயர் அடிக்கப் பூவராகனைச் சிதம்பரத்திலிருந்து வரவழைத்திருந்தார்கள். அவன் செயலரிடம் கெஞ்சினான். முதலில் சிடியை ஏற்றிவிடுகிறேன், அப்புறம் எவ்வளவு நீளப் பெயர் வேண்டுமானாலும் அடிக்கிறேன். ஓட்டை அடைபட்ட பிறகு ஒன்றும் ஆகாது. என் சம்சாரம் தருமபுரியில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், சார். செயலருக்கு அவன்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. கல்வெட்டைத் திறந்த பிறகுதானே கட்டடத்துக்குள் போவார்கள் என்று கேட்டார். பெயர் முதலில், பாதுகாப்பு பிறகு.

பூவராகன் அடித்தான். பாதுகாப்பைத் திறந்துவைப்பவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை, ஃபாக்ஸ், பந்தல், ஒலிபெருக்கி. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனபோது பெயர் முழுவதும் பெரிய ரூட்டரில் ஏறியது. கிளை ரூட்டர்கள் அதைக் கேட்டன. கேட்டதும் ஒன்றன்பின் ஒன்றாக மயங்கின. மாவட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் வழி மறந்துபோனது. மேடையில் ராஜமாணிக்கம் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, தடையில்லாத தொடர்பே எங்கள் தாரக மந்திரம் என்று ஆரம்பித்தார்.

பூவராகனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"மாமா, எனக்கு முன்னாடி ஒரே ஒருத்தருதான் பாக்கி. புவனகிரி இவ்ளோ நேரம் இருந்துச்சு. இப்ப இல்ல. புவனகிரி மட்டுமில்ல, கடலூர் மாவட்டத்தையே காணோம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் ஒருவேளை ஓடிப்போய் மேடைமுன் நின்றிருப்பான். அவள் குரல் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலாகவே இருந்தது, கடைசியில் மட்டும் லேசாகத் தேய்ந்தது. இன்னும் ஒரு வருஷம் என்று நினைத்தபோது அவனுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. ஒரு காலி நாற்காலிக்குச் சந்தனம் வைத்திருக்கிறார்கள், தன் மனைவிக்கு ஓர் ஊரைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

கூடத்தில் எல்லாரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ரூட்டருக்கு எல்லாருடைய முதுகும்தான் தெரிந்தது. பூவராகன் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு முனைவர் ராஜமாணிக்கத்தை அழித்தான். பட்டங்களை அழித்தான். செயலரை, பந்தலை, ஒலிபெருக்கியை, ஃபாக்ஸை அழித்தான். இயக்குநர் அப்போது, எத்தனை தடை வந்தாலும் எங்கள் பெயர் நிலைக்கும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். காலியான இடத்தில் பூவராகன் கடலூர் என்று மட்டும் அடித்தான். வெற்றிலை பாக்கை ஓரமாக ஒதுக்கிவிட்டு சிடியை எடுத்து ஏற்றினான். ஒவ்வொரு கிளையும் மயக்கம் தெளிந்து எழுந்தவுடன் அங்கிருந்தே அதைப் பிடித்து, அதிலும் மென்பொருளை ஏற்றி, ஊர்ப் பெயரை மட்டும் வைத்தான். அவசரத்தில் அண்ணாகிராமத்தை இரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்தது.

போனில் தருமபுரிக் கூடத்தின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ குணசுந்தரியின் பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்காலி நகர்ந்தது.  பிறகு அவள் குரல்.

"கெடச்சிருச்சு மாமா. புவனகிரி."

பூவராகன் கண் கலங்கி நின்றான். அதைப் பார்த்த நாதஸ்வரக்காரர், இயக்குநர் பேச்சு உருக்கமாக இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு மாதம் லைன் நிற்கவே இல்லை. இது வாரியத்தில் முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஜோதிலட்சுமிதான், ஒருவரும் புகார் சொல்ல வராததைப் பார்த்து, எங்கேயோ ஏதோ தப்பு நடக்கிறது என்று சந்தேகப்பட்டார். அதே வாரம், சென்னையிலிருந்து வந்த சம்பந்தியிடம் தன் பெயர் கம்பிக்குள் ஓடுவதைக் காட்டலாம் என்று இயக்குநர் திரையைத் திறந்தார். கடலூர் என்று இருந்தது. கிளை கிளையாகப் போய்ப் பார்த்தார். சிதம்பரம், புவனகிரி, அண்ணாகிராமம், வெறும் ஊர்களாகவே வந்துகொண்டிருந்தன. சம்பந்தி மரியாதைக்காக, நல்ல ஊர்கள் என்றார்.

விசாரணை நடந்தது. பூவராகன்மேல் இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, கல்வெட்டைச் சேதப்படுத்தியது. இரண்டாவது அதைவிடப் பெரியது. வெளிநாட்டு விருந்தினர் திரு. ஃபாக்ஸின் பெயரை நீக்கி அவரை அவமதித்தது. அவர் மனம் புண்பட்டதற்கு ஆதாரமும் இருந்தது: அன்று தொடங்கி அவர் ஒரு தடவைகூட ரூட்டர் பக்கம் வரவில்லை.

பூவராகன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். லைன் இப்போது நன்றாக ஓடுகிறது என்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி கேட்டான். ராஜமாணிக்கம் அவனை அருகில் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"ஓடுது, ஒத்துக்கறேன். யாரால ஓடுதுன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவுங்களுக்கு ஓடுனா போதும் சார்," என்றான் பூவராகன்.

"அப்ப நாம எதுக்குய்யா?"

 கேள்வியைச் செயலர் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

தண்டனை கடுமையாக இல்லை. வாரியம் தன் ஊழியர்களின் திறமையை மதிக்கும் நிறுவனம் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது. தருமபுரி வட்டத்தில் புதிய ரூட்டர்கள் வரிசையாகத் திறக்கப்பட இருக்கின்றன. அங்கே அதிகாரிகளின் பெயரைப் பிழையில்லாமல் அடிக்க அனுபவமுள்ள ஆள் இல்லை. ஆகவே பூவராகன் உடனடியாக அங்கே மாற்றப்படுகிறான். வருகிற திங்கட்கிழமை காலை பணியில் சேர வேண்டும். அந்தத் திங்கட்கிழமைதான் குணசுந்தரி புவனகிரியில் சேர வேண்டிய நாளும்.

உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி அவளுக்குப் போன் செய்தான். அவள் அங்கே சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். கயிறு இழுக்கும் சத்தம் கேட்டது. அவன் முழுவதையும் சொன்னான். இந்தத் தடவை ரசத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நீ இல்லாமல் முடியவில்லை சுந்தரி என்று சொல்லிவிட்டான். பஸ் ஹாரனில் அது அவளுக்குக் கேட்டதோ இல்லையோ தெரியவில்லை. பிறகு கட்டின கயிற்றை அவள் அவிழ்ப்பது கேட்டது.

"சரி மாமா. வீட்டுக்காரம்மாகிட்ட ரூமக் காலி பண்ணலன்னு சொல்லிடறேன். பாயும் அடுப்பும் உங்களுக்கு இங்கியே இருக்கட்டும். குக்கருக்கு மட்டும் கேஸ்கட் போயிருக்கு, வரும்போது ஒண்ணு வாங்கியாங்க."